உழவர் சந்தைக்குப் போகும் முன்: முதல் நாள் மாலை தொடங்கி, கூடையைப் பிரித்து வைப்பது வரை

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று டெல்டாவில் எந்த ஊர் உழவர் சந்தைக்குப் போனாலும் ஒரு காட்சி மாறுவதில்லை. எட்டரை மணிக்கு மேல் ஒருவர் அரக்கப்பரக்க உள்ளே வருவார். கையில் இருக்கும் போனில் கேரட், பீன்ஸ், உருளை, காலிஃபிளவர் என்று ஒரு பட்டியல். முதல் கடையிலேயே தக்காளி இரண்டு கிலோ வாங்கி விடுவார். அப்புறம் அதன் தலையில் பூசணிக்கீற்று ஏறும். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பையின் அடி நனைந்திருக்கும். "சூப்பர் மார்க்கெட்டே தேவலாம்" என்று மறுவாரம் வரமாட்டார்.

சந்தை மேல் குறை ஒன்றும் இல்லை, அவர் செய்த வேலைகளின் வரிசைதான் தலைகீழ். அந்த வரிசையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நாலு பேர் உள்ள வீட்டுக்கு வாரம் ஒரு தடவை, முடிந்தால் நடுவில் கீரைக்கு மட்டும் இன்னொரு நடை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதல் நாள் மாலை: காயின் பெயரை எழுதாதீர்கள், சமையலை எழுதுங்கள்

புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய பிழை இதுதான். மளிகைக் கடைக்கு எழுதுவது போலவே காய்ப் பட்டியலும் எழுதிக்கொண்டு வருவார்கள். மளிகைக் கடையில் துவரம்பருப்பு வருஷம் முழுக்க இருக்கும். உழவர் சந்தையில் அன்றைக்கு வயலில் எது அறுத்தார்களோ அதுதான் இருக்கும். பட்டியலில் பீர்க்கங்காய் என்று எழுதி, அங்கே ஒரே ஒருவரிடம் முற்றிய பீர்க்கங்காய் கிடந்தால், எழுதிவிட்டோமே என்பதற்காக அதை வாங்கி வருவோம். பக்கத்திலேயே பிஞ்சுப் புடலை குவிந்து கிடப்பது கண்ணில் படாது.

அதனால் இப்படி எழுதுங்கள்: குழம்புக்காய் மூன்று, கூட்டுக்கு இரண்டு, பொரியலுக்கு நான்கு, கீரை இரண்டு, கிழங்கு ஒன்று, ரசத்துக்கும் சட்னிக்கும் தக்காளி, தாளிக்க வேண்டியவை. கூட்டு என்று எழுதிய இடத்தில் சுரைக்காய், புடலை, பூசணி, சௌசௌ, கீரைத்தண்டு எது வேண்டுமானாலும் உட்காரும். பொரியல் என்ற இடத்தில் வெண்டை, கொத்தவரை, அவரை, வாழைக்காய், வாழைப்பூ. அன்றைக்கு எது நன்றாக இருக்கிறதோ, எது மலிவாக இருக்கிறதோ, அது அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும்.

அளவையும் வீட்டிலேயே யோசித்து வையுங்கள். நாலு பேருக்கு ஒரு வேளைப் பொரியலுக்கு அரை கிலோ காய் தாராளம். கீரை மட்டும் ஏமாற்றும். பருப்போடு மசித்தால் ஒரு கட்டு போதும். தனியாகப் பொரித்தால் சட்டியில் சுருண்டு ஒரு கைப்பிடிதான் மிஞ்சும், ஆகவே இரண்டு கட்டு.

பட்டியல் எழுதும் முன் ஃபிரிட்ஜையும் வெங்காயக் கூடையையும் ஒரு தடவை பாருங்கள். பாதி பரங்கிக்கீற்று உள்ளே வாடிக் கிடக்கும்போது இன்னொரு கீற்று வாங்கி வருவது எல்லா வீட்டிலும் நடக்கிறது.

இன்னொன்று, வாழைப்பூவுக்கும் வாழைத்தண்டுக்கும் முருங்கைக்கீரைக்கும் நேரம் வேண்டும். மறுநாள் காலையில் அவசரம் என்றால் இவற்றைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஆசைப்பட்டு வாங்கி, ஆய நேரமில்லாமல் கறுத்துப் போய்க் குப்பைக்குப் போகும் பட்டியலில் இந்த மூன்றுக்குத்தான் முதலிடம்.

2. காலண்டரைப் பார்த்து நாளை முடிவு செய்யுங்கள்

டெல்டாவில் காய் விலையை மழை பாதி, பஞ்சாங்கம் பாதி நிர்ணயிக்கிறது. அமாவாசைக்கு முதல் நாளும் அன்றைக்கும் வாழைக்காய், அவரை, புடலை, பரங்கி, சேனைக்குக் கிராக்கி. விரதத்துக்கும் திதிக்கும் 'இங்கிலீஷ் காய்' சேர்க்காத வீடுகள் இங்கே இன்னும் நிறைய. எல்லோரும் ஒரே நாளில் நாட்டுக்காயைத் தேடினால் விலை ஏறத்தான் செய்யும். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம். துவாதசி அன்று அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சீக்கிரமே தீர்ந்துவிடும். முகூர்த்த நாளில் வாழை இலை விலை எகிறும். புரட்டாசியில் கவிச்சி விட்டவர்களும் சேர்ந்துகொள்வதால் மாதம் முழுக்கவே காய்க்குக் கூட்டம்.

உங்களுக்கு அமாவாசை முக்கியமில்லை என்றால் அதற்கு இரண்டு நாள் தள்ளிப் போங்கள். முக்கியம் என்றால் இரண்டு நாள் முன்னதாகவே போங்கள். வாழைக்காயும் சேனையும் பரங்கியும் இரண்டு நாள் தாங்கும்.

பருவமும் தெரிந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் முதலில் அடிபடுவது கீரையும் தக்காளியும். முருங்கைக்காயும் அந்தச் சமயத்தில் அரிதாகி, விலை கேட்டாலே திடுக்கிடும்படி ஆகிவிடும். சாம்பாரில் முருங்கைக்காய்தான் போடுவேன் என்று பிடிவாதம் பிடிக்க அது நேரமில்லை. பங்குனிக்கு மேல் அதே முருங்கை கட்டுக் கட்டாக வந்து கிடக்கும். மார்கழி, தை பனியில் அவரையும் மொச்சையும் நாட்டுக் கத்திரியும் நன்றாக இருக்கும். பொங்கலை ஒட்டிச் சிறுகிழங்கும் மஞ்சள் கொத்தும் வரும். சம்பா அறுத்த வயலில் விதைத்த உளுந்தும் பச்சைப்பயறும் பங்குனி, சித்திரையில் புதுசாக வரும். விற்பவர் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

தமிழக அரசின் 'உழவன்' செயலியில் சந்தை விலை நிலவரம் பார்க்கலாம். முதல் நாள் இரவு ஒரு பார்வை பார்த்தால் பட்டியலில் எதை எதால் மாற்றலாம் என்று தெரியும். அதற்கு மேல் அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம், காலையில் விலை மாறும்.

நேரத்தைப் பொறுத்தவரை, சந்தை விடியலிலேயே தொடங்கிவிடும். ஆறு, ஆறரைக்குள் உள்ளே இருந்தால் கீரையும் பிஞ்சுக் காயும் உங்களுக்கு. எட்டுக்கு மேல் மிச்சம் மீதி. பத்துக்கு மேல் கூறு கட்டி மலிவாகத் தள்ளிவிடுவார்கள். அன்றைக்கே சமைத்துத் தீர்க்கிற வீட்டுக்கு அது லாபம், வாரம் முழுக்க வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு நஷ்டம்.

3. பையும் சில்லறையும் வாசலிலேயே இருக்கட்டும்

ஒரே பெரிய பை வேண்டாம், மூன்று வேண்டும்.

அடி அகலமான, தரையில் நிற்கிற கட்டைப்பையோ வயர்கூடையோ ஒன்று. கிழங்கு, தேங்காய், பூசணி எல்லாம் அதில். இரண்டாவது மஞ்சப்பை, நடுத்தரக் காய்களுக்கு. மூன்றாவது இன்னொரு துணிப்பை, கீரைக்கு மட்டும். கீரையை மற்றக் காயோடு போட்டால் ஈரம் இறங்கி வெண்டைக்காயை வழவழப்பாக்கிவிடும், கீரையும் நசுங்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அங்கே போய்க் கேரிபேக் வாங்கிக்கொள்ளலாம் என்று கையை வீசிக்கொண்டு போகாதீர்கள். தக்காளிக்கும் பழத்துக்கும் வீட்டிலிருக்கும் மூடி போட்ட டப்பா ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், தக்காளி முழுசாக வீடு வந்து சேரும்.

பச்சைமிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை போன்ற சில்லறைச் சாமான்களுக்குச் சின்னத் துணிச் சுருக்குப்பை இரண்டு இருந்தால் வீட்டில் பை முழுக்கத் துழாவ வேண்டியதில்லை.

பணத்துக்கு வருவோம். ஜிபே அட்டை வைத்திருப்பவர்கள் இப்போது நிறையப் பேர். ஆனால் கொல்லையில் பறித்த பத்துக் கட்டுக் கீரையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் அது இருக்காது. பத்து, இருபது, ஐம்பது நோட்டாக முதல் நாளே மாற்றி வையுங்கள். விடிகாலையில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி அரைக் கிலோ வெண்டைக்காய் கேட்டால் அவர் பக்கத்துக் கடை, எதிர்க்கடை என்று அலைய வேண்டும், நீங்களும் நிற்க வேண்டும். பத்து ரூபாய் நாணயம் செல்லும்தான். இருந்தாலும் வாங்கத் தயங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நோட்டாகவே வைத்துக்கொண்டால் வாக்குவாதம் மிச்சம்.

மழைக்காலத்தில் குடையோடு, சேறு பட்டாலும் கவலையில்லாத செருப்பு. கோடையில் கீரைப் பையின் மேல் போட ஒரு ஈரத் துண்டு. அவ்வளவுதான்.

4. உள்ளே போனதும் பலகை, பிறகு வாங்காமல் ஒரு சுற்று

நுழைவாயிலில் அன்றைய விலைப் பலகை இருக்கும். உள்ளூர் மொத்த மார்க்கெட்டின் காலை விலையை விசாரித்து அன்றன்றைக்கு விலை வைக்கிறார்கள். பொதுவான கணக்கு, மொத்த விலைக்கு மேல் சுமார் 20 சதவீதம், வெளிக்கடைச் சில்லறை விலைக்குக் கீழே சுமார் 15 சதவீதம். அதற்கு மேல் யாரும் விற்கக் கூடாது. போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கடையிலும் "இது எவ்வளவு, அது எவ்வளவு" என்று கேட்டு நிற்கிற நேரம் மிச்சமாகும்.

அப்புறம் கையில் எதையும் வாங்காமல் கடைசிக் கடை வரை ஒரு நடை. ஐந்து நிமிஷம் ஆகுமா? ஆகட்டும். இந்த ஒரு சுற்றைத்தான் புதியவர்கள் தவிர்க்கிறார்கள், கூட்டம் அள்ளிக்கொண்டு போய்விடுமோ என்ற பயத்தில். ஒரே விலைக்கு விற்கும் இடத்தில் தரத்தில்தான் வித்தியாசம். பலகையில் கத்திரிக்காய்க்கு ஒரே விலை இருக்கும்போது, முதல் கடையில் ஓட்டைக் கத்திரியும் ஏழாவது கடையில் காம்பு முள்ளோடு பளபளக்கும் கத்திரியும் இருந்தால், முதல் கடையில் வாங்கியவருக்கு என்ன லாபம்?

சுற்றி வரும்போது பட்டியலில் உள்ள இடங்களை மனதில் நிரப்பிக்கொண்டே வாருங்கள்: கூட்டுக்கு அந்தப் புடலை, பொரியலுக்கு இந்த அவரை. எந்தக் கடையில் எதற்குக் கூட்டம் என்றும் பாருங்கள். கீரைக்காரரிடம் நாலைந்து கட்டுதான் மிச்சம் என்றால் அதை மட்டும் உடனே வாங்கிவிடலாம். விதி என்றால் விதிவிலக்கும் உண்டு.

விற்பவர் சாகுபடி செய்தவர்தானா என்பதும் இந்தச் சுற்றில் புரிந்துவிடும். உழவர் சந்தையில் விவசாயிகளுக்குப் படத்தோடு அடையாள அட்டை கொடுத்திருக்கிறார்கள். அட்டையைக் கேட்க வேண்டியதில்லை, கூடையே சொல்லும். விளைவித்தவரிடம் இரண்டு மூன்று வகைக் காய்தான் இருக்கும், சிறிதும் பெரிதுமாகக் கலந்திருக்கும், காம்பில் பால் காயாமல் இருக்கும். பதினைந்து வகை, எல்லாம் ஒரே அளவு என்றால் அது மொத்த மார்க்கெட்டிலிருந்து வந்த சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். கேரட்டும் கோஸும் பீட்ரூட்டும் எப்படியும் மலையிலிருந்து வருபவை, சின்ன வெங்காயம் பெரும்பாலும் பெரம்பலூர் பக்கத்தது. அவற்றில் 'நம்ம ஊர் வயல்' என்று தேடிப் பயனில்லை. தேட வேண்டியது கத்திரி, வெண்டை, கீரை, வாழையில்.

5. வாங்கும் வரிசை: கனமானது முதலில், கீரை கடைசியில்

முதலில் சேனை, கருணை, தேங்காய், பூசணி, பரங்கி, சுரைக்காய். இவை கட்டைப்பையின் அடியில் போகும். இரண்டாவது வாழைக்காய், முருங்கை, கத்திரி, பாகல், புடலை. மூன்றாவது வெண்டை, அவரை, கொத்தவரை. நான்காவது தக்காளி, டப்பாவில். கடைசியாகக் கீரை, கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை.

காரணம் எடை மட்டுமல்ல. கீரை வெயிலில் பையில் இருக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு வாடாமல் வரும். சித்திரை, வைகாசியில் அரை மணி நேரத்தில் அரைக்கீரை துவண்டுவிடும். கீரைக்காரரிடம் "அக்கா, நாலு கட்டு எடுத்து வையுங்க, போகும்போது வாங்கிக்கிறேன்" என்று சொல்லி, முன்பணமும் கொடுத்துவிட்டால் ஈரச் சாக்குக்குக் கீழே எடுத்து வைப்பார். தீர்ந்துவிடுமே என்ற கவலையும் இல்லை, சுமந்து வாட வைப்பதும் இல்லை.

6. பார்த்து எடுப்பது எப்படி

இந்தப் பகுதி கொஞ்சம் நீளும். காய் எடுக்கத் தெரிந்தால் மற்றப் பிழைகளைக்கூடச் சமாளித்துவிடலாம்.

கத்திரிக்காய். காம்பைப் பாருங்கள், உடம்பை அப்புறம் பார்க்கலாம். காம்பு பச்சையாக, முள் குத்தும்படி இருந்தால் நேற்றோ இன்றோ பறித்தது. பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் பழசு. அடுத்து, ஊசி குத்தியது போல ஓட்டை இருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள், குறிப்பாகக் காம்பின் தொப்பிக்குக் கீழே. புழு அங்கேதான் ஒளிந்திருக்கும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனமாக, கெட்டியாக இருப்பது விதை முற்றியது. ரசவாங்கிக்கும் எண்ணெய்க் கத்திரிக்கும் சின்னதாக, லேசாக, அழுத்தினால் கொஞ்சம் கொடுக்கிற காய்தான் வேண்டும்.

வெண்டை. நுனியை ஒடித்துப் பார்க்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. ஒடித்த காயை அடுத்தவர் வாங்கமாட்டார், விற்பவருக்கு அது நஷ்டம். விரல் நீளத்துக்கு மேல் போகாத காயாக எடுத்து, நடுவில் மெல்ல அழுத்துங்கள். பிஞ்சு நெகிழும், முற்றல் விறைப்பாக நிற்கும். மேலே மெல்லிய சுணை இருந்தால் கை அதிகம் படாத காய். வெண்டையை ஒன்று விட்டு ஒரு நாள் பறிப்பார்கள். "என்னைக்குப் பறிச்சீங்க அண்ணே?" என்று கேட்டால் பெரும்பாலும் உண்மையைச் சொல்வார்கள்.

முருங்கைக்காயை லேசாக முறுக்குங்கள். வளைந்து கொடுக்க வேண்டும். விதை புடைத்து மேடு பள்ளமாகத் தெரிந்தால் முற்றல், ஒல்லியாகத் தட்டையாக இருந்தால் சதை இல்லை.

சுரைக்காய். நகத்தால் கீறிப் பார்ப்பதைவிடத் தோலைத் தடவிப் பாருங்கள், பிஞ்சில் மெல்லிய பூனைமுடி இருக்கும். எது எப்படியோ, வீட்டில் நறுக்கியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் யோசிக்காமல் முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். கசக்கும் சுரைக்காயில் உள்ள பொருள் வாந்தி, பேதியில் கொண்டுபோய் விடும். சமைத்தாலும் அது போகாது. பீர்க்கை, வெள்ளரிக்கும் இதே சோதனைதான்.

சேனை, பிடிகருணை. பளிச்சென்று கழுவி வைத்திருப்பதைவிட மண் ஒட்டிய கிழங்கு நல்லது. புதுசாகத் தோண்டிய கருணை நாக்கை அரிக்கும். தோண்டிச் சில வாரம் கிடந்த கிழங்காகக் கேட்டு வாங்குங்கள். அரிப்புக்குக் காரணம் கிழங்கில் உள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள். அதனால்தான் புளித்தண்ணீரில் வேக வைக்கிறோம். வெட்டிய துண்டாக வாங்கினால் வெட்டு வாய் உலர்ந்து சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

வாழைத்தண்டும் வாழைப்பூவும் டெல்டாவில் கிடைப்பது போல எங்கும் கிடைக்காது. தண்டு மணிக்கட்டுக் கனத்தைத் தாண்ட வேண்டாம். பருத்த தண்டில் நார் அதிகம். வெட்டிய முனை வெள்ளையாக இருக்க வேண்டும். ஒரு தடவை திருவையாறு பக்கத்திலிருந்து வந்த அம்மா ஒருவர் நான் எடுத்த தண்டைக் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அடியிலிருந்து ஒல்லியாக ஒன்றை உருவினார். "அது குலை தள்ளி ரொம்ப நாளான மரம் தம்பி, வாயில சக்கையாத்தான் இருக்கும். இதைக் கொண்டு போங்க" என்று முனையில் ஒரு வில்லை சீவிக் காட்டினார். கத்தியில் நார் இழுக்கவே இல்லை. எடுக்கத் தெரியாவிட்டால் விற்பவரையே எடுத்துத் தரச் சொல்லலாம். அடுத்த வாரமும் வருவீர்கள் என்று தெரிந்தால் நல்லதாகவே தருவார்கள்.

வாழைப்பூவின் மேல் மடல் இறுக்கமாக மூடி, காம்பு வெட்டு கறுக்காமல் இருக்கட்டும். மடல் விரிந்து உள்ளே பூ கறுத்திருந்தால் துவர்ப்பு தூக்கலாக இருக்கும்.

கீரை. கட்டின் வெளிப்பக்கம் அழகாகத்தான் இருக்கும், நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். சூடாக, கொழகொழவென்று இருந்தால் உள்ளே அழுகத் தொடங்கிவிட்டது. மழைக்காலத்தில் இது அடிக்கடி நடக்கும். பூ வைத்த கீரை முற்றல். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை மூன்றும் அன்றைக்கே தீர வேண்டியவை. பொன்னாங்கண்ணியும் முருங்கைக்கீரையும் ஒரு நாள் கூடுதலாகத் தாங்கும்.

தக்காளி. ரசத்துக்கு நாட்டுத் தக்காளி, அதன் புளிப்பு வேறு எதிலும் வராது. ஆனால் இரண்டு நாளில் இளகிவிடும். வாரக் கடைசி வரை வேண்டியதைக் கெட்டியான ஹைபிரிட் தக்காளியில், பாதி செங்காயாக எடுங்கள்.

தேங்காய் கையில் கனக்க வேண்டும், ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும், கண் பக்கம் ஈரமோ பூசணமோ கூடாது. எலுமிச்சை தோல் மெல்லியதாக இருந்தால் போதும்.

7. தராசு, போணி, கொசுறு

மின்னணுத் தராசில் காய் போடும் முன் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். தட்டு வைத்து நிறுத்தால் தட்டோடு சேர்த்துப் பூஜ்யம் ஆக்கியிருக்க வேண்டும். பல சமயம் ஏமாற்ற நினைத்து நடப்பதில்லை, அவசரத்தில் மறந்துவிடுவார்கள். "பூஜ்யம் பண்ணிடுங்க அண்ணே" என்று சாதாரணமாகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சந்தேகம் தீராவிட்டால் சந்தை அலுவலகத்தில் போய்ச் சொல்லலாம், அவர்கள் அங்கேயே இருப்பார்கள்.

பலகை விலை கட்டிய இடத்தில் பேரம் பேசுவது நேர விரயம். அதிலும் விடிகாலையில் போணி ஆகாத கடையில் காயைப் புரட்டிப் போட்டு, விலை கேட்டு, வாங்காமல் நகர்ந்தால் அவர் மனசு சுருங்கிப் போகும். முதல் ஆளாக நின்றால் வாங்கிவிடுங்கள், அதுவும் சரியான சில்லறையோடு. போணி பண்ணியவரை அவர்கள் மறப்பதில்லை.

பேரத்துக்குப் பதில் கொசுறு உண்டு. நாலு காய் வாங்கிய கடையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ இரண்டு பச்சைமிளகாயோ கேட்கலாம். அரைக் கிலோ வாங்கிவிட்டு ஒரு கைப்பிடி கொத்தமல்லி கேட்பது கொஞ்சம் அதிகம்.

போகும் முன் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: "அடுத்த அறுப்பு எப்ப?" அவர் சொல்லும் நாளில் உங்கள் அடுத்த நடையை வைத்துக்கொண்டால் புதுக்காய் நிச்சயம். இதைக் கேட்கிற வாடிக்கைக்காரர்கள் குறைவு என்பதால் உங்கள் முகமும் நினைவில் நிற்கும்.

8. வீட்டுக்கு வந்த முதல் ஒரு மணி நேரம்

பையை அடுப்படி மூலையில் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போகிறவர்கள் அதிகம். காபி குடியுங்கள், ஆனால் கீரைக் கட்டை அவிழ்த்துப் பரப்பிவிட்டுக் குடியுங்கள். கட்டிய கயிறும் நடுவில் தேங்கிய ஈரமும்தான் கீரைக்கு எமன்.

மறுநாளுக்கு வைக்கும் கீரையைக் கழுவ வேண்டாம். வேரை நறுக்கி, பழுத்த இலைகளைக் கிள்ளிப் போட்டு, நியூஸ்பேப்பரிலோ காய்ந்த துணியிலோ சுருட்டி ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள். சமைக்கும் முன் தண்ணீர் நிறைந்த அகலப் பாத்திரத்தில் அலசி, கீரையை மட்டும் மேலாக அள்ளுங்கள். வடிகட்டியில் கொட்டினால் அடியில் தங்கிய மண் திரும்பக் கீரை மேலேயே விழும்.

ஃபிரிட்ஜுக்குள் போகக் கூடாதவை தக்காளி, வாழைப்பழம், வாழைக்காய், சேனை, வெங்காயம், உருளை. குளிரில் தக்காளி வாசனை இழக்கும், வாழையின் தோல் கறுக்கும். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போடாதீர்கள், உருளை சீக்கிரம் முளைவிடும். பழுத்த வாழைத்தாரை மற்றக் காய்களிடமிருந்து தள்ளித் தொங்கவிடுங்கள். அதிலிருந்து வரும் வாயு பக்கத்தில் இருப்பதையும் பழுக்க வைத்துவிடும்.

வெண்டை, கொத்தவரை, அவரையை ஈரம் துடைத்துத் துணிப்பையில். கத்திரிக்காயை அதிகக் குளிர் படாத தட்டில், இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். கொத்தமல்லியை வேரோடு ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் இரண்டு நாள் நிற்கும். கறிவேப்பிலையை உருவி, நிழலில் ஈரம் போக்கி, டப்பாவில் அடையுங்கள். வெற்றிலை வாங்கியிருந்தால் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள்.

வாழைத்தண்டை அன்றைக்கு நறுக்குவதாக இருந்தால் நீர்மோரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நறுக்குங்கள். வில்லை விழ விழ மோரில் போட்டால் கறுக்காது, மோரின் புளிப்பு அதைத் தடுத்துவிடும். விரலில் சுற்றி வரும் நாரை அவ்வப்போது எடுத்துவிடுங்கள். வாழைப்பூவுக்கும் அதே மோர். ஒவ்வொரு பூவிலும் நடு நரம்பையும் அடியில் உள்ள கண்ணாடி போன்ற செதிலையும் எடுக்க வேண்டும். டிவி பார்த்துக்கொண்டே வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தால் முடிந்துவிடும், ஒருவரே செய்தால் அலுத்துப் போகும்.

9. சமைக்கும் வரிசையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்

முதல் நாள் கீரை, வாழைப்பூ. இரண்டாம் நாள் வெண்டை, பிஞ்சுப் புடலை. மூன்றாம் நாள் கத்திரி, அவரை. நான்காம் நாள் கொத்தவரை, பீர்க்கை. அதற்கு மேல் முருங்கை, பாகல், வாழைக்காய், சுரைக்காய். கடைசி இரண்டு நாளுக்குச் சேனை, கருணை, பூசணி.

பெரும்பாலான வீடுகளில் இது நேர்மாறாக நடக்கிறது. வாங்கி வந்த அன்றே உருளைக்கிழங்கை வறுத்துவிட்டு, மூன்றாம் நாள் அரைக்கீரையைத் தேடுவார்கள். ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டால் வீட்டில் யார் அடுப்பைப் பற்றவைத்தாலும் எதை முதலில் எடுப்பது என்று தெரியும்.

அதே சீட்டின் பின்பக்கம், வாரக் கடைசியில் எது மிஞ்சியது, எது அழுகியது, எது பாதியிலேயே தீர்ந்தது என்று இரண்டு வரி குறித்து வையுங்கள். அடுத்த பட்டியல் எழுதும்போது அளவை அதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். வாடியதும் தோலும் தண்டும் கொல்லையில் ஒரு குழியில் போகட்டும், இடமில்லாதவர்கள் மாடு வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடலாம்.